அழுக்குத் தண்ணீரில் நீந்திய தவளைக்கு ஏன் சீழ் பிடிக்கவில்லை?

முட்டியில் அடிபட்டுத் தோல் உரிந்தால் வீட்டில் என்ன சொல்வார்கள்? “அழுக்குத் தண்ணியில கால வைக்காத, புண்ணு சீழ் பிடிச்சுக்கும்!” சும்மா மிரட்டுவதற்காகச் சொல்வதில்லை. ஒரு ஸ்பூன் குட்டைத் தண்ணீரில் லட்சக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கும். தோல் கிழிந்த இடத்தின் வழியாக அவை உடம்புக்குள் போய்ப் பெருகத் தொடங்கிவிடும்.

இப்போது ஒரு தவளையை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் வயிற்றில் கத்தியால் சிறியதாகக் கீறி, உள்ளேயிருந்து கொஞ்சம் முட்டைகளை எடுத்துவிட்டு, ஊசி நூலால் தைத்து, திரும்பவும் கலங்கல் தண்ணீர்த் தொட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். கட்டுப் போடவில்லை. தொட்டித் தண்ணீரில் பாக்டீரியாவுக்குப் பஞ்சமே இல்லை. அந்தப் புண் என்ன ஆகும்?

ஆறிவிட்டது! சிவக்கவில்லை, வீங்கவில்லை, சீழும் வைக்கவில்லை.

இது நடந்தது 1980-களில், அமெரிக்காவின் பெதஸ்டா நகரில், தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில். மைக்கேல் ஜாஸ்லாஃப் என்ற மருத்துவ விஞ்ஞானி அங்கே மரபணுக்களைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்த ஆராய்ச்சிக்குத் தவளை முட்டைகள் தேவைப்பட்டன. ஆப்பிரிக்க நகத் தவளையின் முட்டை நன்றாகப் பெரியது; கண்ணாலேயே பார்த்து, மெல்லிய ஊசியால் அதற்குள் எதையும் செலுத்தலாம். அதனால் உலகம் முழுவதும் ஆய்வுக்கூடங்களில் இந்தத் தவளையை வளர்க்கிறார்கள்.

விசித்திரமான பிராணி அது. நாக்கு கிடையாது. அதனால் இரையை முன்னங்கால்களால் வாய்க்குள் தள்ளித்தான் சாப்பிடும். ஒவ்வொரு பின்னங்காலிலும் மூன்று விரல்களில் கறுப்பு நகம் இருக்கும். சொந்த ஊர் ஆப்பிரிக்காவின் தென்பகுதி. தேங்கி நிற்கிற சேற்றுக் குட்டைகளில் வாழ்நாளெல்லாம் முங்கிக் கிடக்கும்.

தைத்துவிட்ட தவளைகளுக்குச் சீழ் பிடிக்காததை எத்தனையோ ஆய்வுக்கூடங்களில் எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள். ‘நல்லதாகப் போயிற்று’ என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். ஜாஸ்லாஃப், ‘ஏன்?’ என்று கேட்டார். தன்னுடைய மரபணு ஆராய்ச்சியை ஒதுக்கி வைத்துவிட்டு இந்தக் கேள்வியின் பின்னால் போனார். தவளைத் தோலை அரைத்து, அதிலுள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பாக்டீரியாக்கள் மேல் விட்டுப் பார்த்தார். இரண்டு பொருள்கள் பாக்டீரியாக்களைக் கொன்றன. அவற்றுக்கு மாகைனின் என்று பெயர் வைத்து 1987-இல் உலகுக்கு அறிவித்தார்.

மாகைனின் என்பது ஒரு பெப்டைடு. மல்லிகைப் பூக்களைத் தொடுத்துச் சரமாக்குவது போல, அமினோ அமிலங்கள் என்ற சின்னஞ்சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டால் கிடைப்பதுதான் பெப்டைடு. சரம் மிக நீளமாக, நூற்றுக்கணக்கான அமினோ அமிலங்களோடு இருந்தால் அதைப் புரதம் என்கிறோம். குட்டையாக இருந்தால் பெப்டைடு. மாகைனினில் இருப்பவை மொத்தம் 23 அமினோ அமிலங்கள். இவ்வளவு சிறிய பொருள் பாக்டீரியாவைக் கொல்கிறது என்றால், எப்படிக் கொல்கிறது?

அதைப் புரிந்துகொள்ள உங்கள் வீட்டுச் சீப்பை எடுங்கள். எண்ணெய் வைக்காத, காய்ந்த தலையில் பத்துப் பதினைந்து முறை வாரிவிட்டு, பொடிப்பொடியாகக் கிழித்த காகிதத்துக்கு அருகில் கொண்டுபோங்கள். காகிதத் துண்டுகள் துள்ளி வந்து சீப்பில் ஒட்டும். சீப்பு மின்சுமை பெற்றிருக்கிறது, அதுதான் இழுக்கிறது. நேர்மின் சுமையும் எதிர்மின் சுமையும் ஒன்றையொன்று இழுக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள்.

பாக்டீரியாவின் வெளிப்புறம் எதிர்மின் சுமை கொண்டது. மாகைனின் நேர்மின் சுமை கொண்டது. அதனால் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும் மாகைனின் பாக்டீரியாவால் இழுக்கப்பட்டுப் போய் அதன் மேல் ஒட்டிக்கொள்கிறது. நம் உடம்பிலோ தவளையின் உடம்பிலோ உள்ள செல்களுக்கு வெளிப்புறத்தில் மின்சுமை ஏறக்குறைய இல்லை. அவற்றின் சவ்வில் கொலஸ்டிரால் கலந்து அதை உறுதியாக்கியும் வைத்திருக்கிறது. ஆகவே மாகைனின் அவற்றின் பக்கம் அதிகம் போவதில்லை. தவளை தன் தோலில் சுரக்கிற மருந்து தவளையையே கொல்லாமல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

ஒட்டிய பிறகு நடப்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தண்ணீரில் இருக்கும்வரை மாகைனின் ஒரு ஒழுங்கும் இல்லாமல் துவண்டு கிடக்கும். பாக்டீரியாவின் சவ்வைத் தொட்டதும் சுருண்டு, திருகு வடிவத்துக்கு மாறிவிடும். அப்படிச் சுருளும்போது, கொழுப்போடு சேரக்கூடிய அமினோ அமிலங்கள் எல்லாம் ஒரு பக்கமும், தண்ணீரோடு சேரக்கூடியவை எல்லாம் மறுபக்கமும் வந்து அமைகின்றன. பாக்டீரியாவின் சவ்வு கொழுப்பால் ஆனது. ஒரு மில்லிமீட்டரை இரண்டு லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுதான் அதன் தடிமன். மாகைனினின் கொழுப்புப் பக்கம் இந்தச் சவ்வுக்குள் புதைகிறது. ஒன்று புதைந்தால் சவ்வு தாங்கும். பல புதைந்தால் நெளிந்து, இடம் விட்டு, ஓட்டை விழும். உள்ளேயிருக்கும் உப்புகளும் மற்றப் பொருள்களும் வெளியே ஒழுகிவிடும். சில நிமிடங்களில் பாக்டீரியா செத்துப்போகும்.

இதில் என்ன பெரிய விஷயம், பாக்டீரியாவைக் கொல்லத்தான் மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. பிரச்சினை என்னவென்றால், அந்த மருந்துகள் ஒவ்வொன்றாகத் தோற்றுக்கொண்டிருக்கின்றன.

லண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1928-இல் பெனிசிலினைக் கண்டுபிடித்தார். அதற்கு முன்பு ஒரு சின்ன வெட்டுக்காயத்தால்கூட மனிதர்கள் செத்திருக்கிறார்கள். பெனிசிலினும் அதைத் தொடர்ந்து வந்த ஆன்டிபயாட்டிக்குகளும் கோடிக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றின. பெனிசிலினுக்காக 1945-இல் நோபல் பரிசு வாங்கியபோது ஃபிளெமிங் தன் நோபல் உரையிலேயே எச்சரித்தார். மருந்தைப் போதுமான அளவு கொடுக்காமல் குறைவாகக் கொடுத்தால், கிருமிகள் சாகாமல் அந்த மருந்தையே தாங்கப் பழகிவிடும் என்றார். அவர் சொன்னபடியேதான் நடந்தது.

எப்படி நடக்கிறது என்று பாருங்கள். உணவும் இடமும் தாராளமாகக் கிடைத்தால், நம் குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிரியும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். தாளில் எழுதிப் பெருக்கிப் பாருங்கள்: பத்து மணி நேரத்தில் நூறு கோடியைத் தாண்டிவிடும்! அத்தனை கோடியில் ஒன்றிரண்டு மட்டும் கொஞ்சம் மாறுபட்டுப் பிறந்திருக்கும். பெனிசிலின் என்ன செய்கிறது? பாக்டீரியா தன் செல் சுவரைக் கட்டுவதற்கு வைத்திருக்கும் ஒரு நொதியைப் பிடித்து முடக்குகிறது. மாறுபட்ட பாக்டீரியாவில் அந்த நொதியின் வடிவம் கொஞ்சம் வேறாக இருந்தால் மருந்தால் அதைப் பிடிக்க முடியாது. சில பாக்டீரியாக்கள் மருந்தையே வெட்டிப் போடும். சில, உள்ளே வந்த மருந்தை வெளியே தள்ளிவிடும். மற்றவை எல்லாம் சாக, இவை மட்டும் பிழைத்துப் பெருகும். அந்தத் தந்திரத்துக்கான மரபணுவைப் பக்கத்திலிருக்கும் வேறு பாக்டீரியாவுக்கும் கொடுத்துவிடும். 2019-ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக இறந்தவர்கள் உலகம் முழுவதும் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இங்கேதான் தவளையின் பெப்டைடுகள் முக்கியமாகின்றன. ஒரு நொதியை மாற்றிக்கொள்வது பாக்டீரியாவுக்குச் சுலபம். தன் உடம்பைச் சுற்றியிருக்கும் சவ்வு முழுவதையும் மாற்றிக்கொள்வது அவ்வளவு சுலபம் இல்லை. பல கோடி ஆண்டுகளாக உயிரினங்கள் இந்தப் பெப்டைடுகளைச் சுரந்துகொண்டிருக்கின்றன. இன்னும் அவை வேலை செய்கின்றன.

தவளையோடு இது நின்றுவிடவில்லை. ஜாஸ்லாஃபுக்கு முன்பே, 1981-இல், சுவீடனில் ஹான்ஸ் போமன் என்ற விஞ்ஞானியின் குழு இத்தகைய ஒரு பொருளை அந்துப்பூச்சியில் கண்டுபிடித்திருந்தது. செக்ரோபியா என்ற பெரிய அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவுக்குள் பாக்டீரியாக்களை ஊசியால் செலுத்தினார்கள். அது சாகவில்லை, அதன் ரத்தத்தில் பாக்டீரியாவைக் கொல்லும் பெப்டைடுகள் சுரந்திருந்தன. ரஷ்யாவில் குளிர்சாதனப் பெட்டி வருவதற்கு முன்னால், பால் புளித்துப்போகாமல் இருக்கப் பால் பாத்திரத்துக்குள் ஒரு பழுப்புத் தவளையைப் போட்டு வைக்கும் பழக்கம் கிராமங்களில் இருந்தது. முகம் சுளிக்கிறீர்களா? மாஸ்கோ விஞ்ஞானிகள் அந்தப் பழுப்புத் தவளையின் தோலை ஆராய்ந்து, அதுவரை அறியப்படாத 76 பெப்டைடுகளை 2012-இல் அறிவித்தார்கள். அவற்றில் சில பாக்டீரியாக்களை எதிர்ப்பவை. பாட்டிமார் சொன்னதில் விஷயம் இருந்திருக்கிறது.

நம் பக்கத்திலேயே ஒரு தவளை உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் அது, முதுகில் செம்மண் நிறம் பூசினாற்போல் இருக்கும். திருவனந்தபுரத்திலுள்ள ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையமும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகமும் சேர்ந்து அதன் தோல் சுரப்பை ஆராய்ந்தன. அதில் கிடைத்த ஒரு பெப்டைடு ஃபுளூ காய்ச்சல் வைரஸில் ஒரு வகையை உடைத்து அழித்தது. எலிகளை அந்தக் காய்ச்சலிலிருந்து காப்பாற்றியது. கேரளத்தின் உருமி என்ற வளையும் வாளை வைத்து, 2017-இல் அதற்கு உருமின் என்று பெயரிட்டார்கள். வைரஸ் வேறு, பாக்டீரியா வேறு என்பதை மறந்துவிடாதீர்கள்; ஆன்டிபயாட்டிக் மாத்திரை வைரஸை ஒன்றும் செய்யாது. ஆனால் தவளைத் தோலில் இரண்டுக்குமே ஆயுதம் இருக்கிறது.

உங்களிடமும் இருக்கிறது! வேர்வைச் சுரப்பிகளில் டெர்ம்சிடின் என்ற பெப்டைடு உருவாவதை ஜெர்மானிய விஞ்ஞானிகள் 2001-இல் கண்டுபிடித்தார்கள். விளையாடி முடித்து வேர்வையில் நனைந்து நிற்கும்போது உங்கள் தோலின் மேல் அது இருக்கிறது. ரத்தத்தின் வெள்ளை அணுக்களிலும் தோலிலும் எல்எல்-37 என்று ஒன்று உண்டு. அதில் 37 அமினோ அமிலங்கள். தோலில் அடிபட்டால் அந்த இடத்தில் அதன் அளவு கூடும். குடலின் உட்புறத்தில் டிஃபென்சின்கள் இருக்கின்றன. முட்டியில் படும் சிராய்ப்புகள் பெரும்பாலும் எந்த மருந்தும் இல்லாமலே ஆறிப்போவதற்கு இவையும் ஒரு காரணம். இப்படி இயற்கையில் கண்டுபிடிக்கப்பட்ட பெப்டைடுகள் மூவாயிரத்துக்கும் மேல்.

இதைப் படித்துவிட்டு மழைக்கு வந்த தவளையைப் பிடித்துப் புண்ணில் தேய்த்துவிடாதீர்கள். சில தவளை, தேரைகளின் தோலில் விஷம் இருக்கும். நம் வயிற்றைக் கெடுக்கும் கிருமிகளும் தவளையின் மேல் இருக்கலாம்.

அப்படியானால் மாகைனின் களிம்பு ஏன் கடையில் கிடைப்பதில்லை? ஜாஸ்லாஃப் அதற்கும் முயன்றார். மாகைனினைக் கொஞ்சம் மாற்றி, பெக்சிகனான் என்ற களிம்பு தயாரிக்கப்பட்டது. சர்க்கரை நோயாளிகளின் காலில் வரும் ஆறாத புண்ணுக்கு அது. பல நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். ஏற்கெனவே இருக்கும் மருந்துகளைவிட இது மேலானது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 1999-இல் அமெரிக்க அரசின் மருந்துத் துறை அனுமதி மறுத்துவிட்டது. மறுபடி நடந்த பெரிய சோதனைகளின் முடிவுகள் 2016-இல் வெளிவந்தன. மருந்தில்லாத வெறும் களிம்பு போட்டவர்களைவிட இந்தக் களிம்பு போட்டவர்களுக்கு நன்றாகக் குணமாகவில்லை.

சோதனைத் தட்டில் ஜெயித்த பொருள் மனித உடம்பில் தடுமாறுவது ஏன்? பெப்டைடு என்பது குட்டிப் புரதம் மாதிரியான பொருள். சாப்பிட்ட பருப்பின் புரதத்தை வெட்டிச் செரிக்கும் நொதிகள் நம் உடம்பில் இருக்கின்றன; அந்த வகை நொதிகள் இந்த மருந்தையும் வெட்டிவிடும். மாத்திரையாக விழுங்கினால் வயிற்றிலேயே செரித்துப்போகும். ரத்தத்தில் உள்ள உப்பு, நேர்மின் சுமைக்கும் எதிர்மின் சுமைக்கும் இடையிலான இழுப்பைக் குறைத்துவிடும். சரி, அளவைக் கூட்டலாம் என்றால், சில பெப்டைடுகள் பாக்டீரியாவோடு சேர்த்து நம் சிவப்பணுக்களையும் உடைக்கத் தொடங்கும். தயாரிக்க ஆகும் செலவும் அதிகம். தவளைக்கு இந்தத் தொல்லை இல்லை. அது வேண்டியபோது, வேண்டிய இடத்தில், புதிதாகச் சுரந்துகொள்கிறது.

முழுக்கத் தோல்விதான் என்று நினைத்துவிட வேண்டாம். பாலில் வளரும் ஒரு பாக்டீரியா, பக்கத்தில் வேறு பாக்டீரியாக்கள் வளராமல் தடுக்க நைசின் என்ற பெப்டைடைச் சுரக்கிறது. சீஸ் கெடாமல் இருக்கப் பல நாடுகளில் பல பத்து ஆண்டுகளாக அதைச் சேர்த்து வருகிறார்கள். வயிற்றுக்குள் போனால் செரித்துவிடும் என்பதே அங்கே வசதியாகிவிட்டது. பொட்டலத்தில் 234 என்ற எண்ணைப் பார்த்தால் அது நைசின்.

கொலிஸ்டின் என்ற மருந்தின் கதையையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா சுரக்கும் பெப்டைடு அது. அதுவும் நேர்மின் சுமை கொண்டது, அதுவும் சவ்வைத்தான் உடைக்கும். சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் டாக்டர்கள் அதை ஒதுக்கி வைத்திருந்தார்கள். மற்ற ஆன்டிபயாட்டிக்குகள் தோற்ற பிறகு, வேறு வழியில்லாத நோயாளிகளுக்கு மட்டும் கடைசி மருந்தாக எடுத்துக் கொடுத்தார்கள். ஆனால் அதே மருந்தைப் பல நாடுகளில் கோழி, பன்றிப் பண்ணைகளில் பிராணிகள் சீக்கிரம் கொழுக்கட்டும் என்று தீவனத்தில் கலந்தார்கள். சீனாவில் பன்றிகளிடமிருந்து எடுத்த ஈ.கோலை பாக்டீரியாவில் ஒரு புதிய மரபணு இருப்பது 2015-இல் வெளியானது. அந்த மரபணு பாக்டீரியாவின் மேல்புறத்திலிருக்கும் எதிர்மின் சுமையைக் குறைத்துவிடுகிறது. இழுப்பு இல்லாவிட்டால் கொலிஸ்டின் எப்படி ஒட்டும்? அதோடு, அது ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய மரபணு. மனிதர்களின் உயிரைக் காக்க வைத்திருந்த கடைசி மருந்தைத் தீவனத்தில் கொட்டியது மிகப் பெரிய தவறு என்றுதான் நான் சொல்வேன். இந்திய அரசு 2019-இல் கோழி, கால்நடை, மீன் வளர்ப்பில் கொலிஸ்டினைத் தடை செய்தது.

ஆகவே பெப்டைடுகளையும் கண்டபடி கொட்டினால் பாக்டீரியா வழி கண்டுபிடித்துவிடும். விஞ்ஞானிகளுக்கு இது தெரியும். வெட்டும் நொதிகளுக்குப் பிடிபடாதபடி, அமினோ அமிலத்தின் கண்ணாடிப் பிம்பம் போன்ற வடிவத்தைச் செய்து கோத்துப் பார்க்கிறார்கள். சரத்தின் இரு முனைகளையும் சேர்த்து வளையமாக்கிப் பார்க்கிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஒரு குழு, அழிந்துபோன உயிரினங்களின் மரபணுப் பதிவுகளைக் கணினியில் போட்டு, செயற்கை நுண்ணறிவின் துணையோடு தேடுகிறது. உடம்பெல்லாம் கம்பளி மயிரோடு பனியுகத்தில் உலவிய மாமூத் யானையின் மரபணுப் பதிவிலிருந்து ஒரு பெப்டைடை எடுத்து, ஆய்வுக்கூடத்தில் செய்து, எலிகளின் நோய்த்தொற்றுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அது வேலை செய்ததை 2024-இல் வெளியிட்டார்கள். இவை மருந்தாகக் கடைக்கு வர இன்னும் பல ஆண்டுகள் ஆகும். உங்களில் யாராவது வளர்ந்து வந்து முடித்து வைக்க வேண்டிய வேலையாகக்கூட இருக்கலாம்.

அதுவரை தவளைகள் இருக்க வேண்டும் என்பதும் என் கவலை. உலகில் உள்ள தவளை, தேரை போன்ற இருவாழ்விகளில் பத்தில் நான்கு இனங்கள் அழியும் ஆபத்தில் இருக்கின்றன. ஒரு இனம் போனால் அதன் தோலில் இருந்த பெப்டைடும் யாரும் பார்க்காமலே போய்விடும். ஊர்க் குட்டையைக் குப்பை கொட்டி மூடாமல் வைத்திருந்தால் அங்கே தவளைகள் வாழும்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. ஆன்டிபயாட்டிக் மாத்திரை அட்டையின் பின்புறத்தில் இடது பக்கமாக மேலிருந்து கீழே ஒரு சிவப்புக் கோடு போட்டிருப்பார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாத மருந்து என்பதற்கான அடையாளம் அது. இந்திய அரசு 2016-இல் அந்தக் கோட்டைப் பற்றி நாடு முழுவதும் பிரசாரம் செய்தது. உங்கள் வீட்டு மருந்து டப்பாவைப் பெரியவர்கள் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு திறந்து பாருங்கள். கோடு போட்ட அட்டை இருந்தால் அதற்கு டாக்டர் சீட்டு இருக்கிறதா, எத்தனை நாள் சாப்பிடச் சொல்லியிருக்கிறார், அத்தனை நாளும் சாப்பிட்டார்களா என்று கேளுங்கள். சாதாரணச் சளிக்கு யாராவது தாங்களாகவே கடையில் கேட்டு அதை வாங்கி வந்திருந்தால், சளி வைரஸால் வருவது, இந்த மாத்திரை அதைத் தொடக்கூடச் செய்யாது என்று சொல்லி, அந்தச் சிவப்புக் கோட்டையும் காட்டுங்கள்.